இரண்டாம் அடிக்கும் மூன்றாம் அடிக்கும் நடுவில்

இப்போதெல்லாம் என் செல்போன் அடித்தால் நான் உடனே எடுப்பதில்லை. எங்கள் பஜனைக் குழுவின் ஐம்பதாம் ஆண்டுக்கென்று புதிதாக எழுதி வாங்கிய பாட்டை மகள் அதில் வைத்துக் கொடுத்திருக்கிறாள். முதல் அடி, இரண்டாம் அடி, ஒரு சின்ன இடைவெளி, பிறகு மூன்றாம் அடி. அந்த இடைவெளி வந்து போகட்டும் என்று கேட்டுக்கொண்டிருப்பேன். அதற்குள் கூப்பிட்டவர் வைத்துவிடுவார். குத்துக்கல்வலசையில் மாவு மில் வைத்திருக்கிறவன் செய்கிற காரியமா இது என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயம்தான்.

மில்லைச் சொன்னதும் மிளகாய் வத்தல் நெடி மூக்கில் ஏறுகிறது. மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசியே என் தொண்டை பெருத்துவிட்டது. எட்டாவதோடு படிப்பு நின்றது. சங்கீதம் யாரிடமும் படித்ததில்லை. இருந்தது சத்தம் மட்டும்தான். அதை முருகன் பேருக்குக் கொடுத்தேன். குழுவிலும் சேர்த்துக்கொண்டார்கள்.

மாதா மாதம் கார்த்திகைக்குக் குற்றாலத்தில் தலையை நனைத்துவிட்டு, ஈரத்துண்டோடு பண்பொழி போய் முருகன் மலை ஏறுவோம். அறுநூற்றுச் சொச்சம் படி. பாடிக்கொண்டேதான் ஏறுவது. ஆர்மோனியப் பெட்டியைத் தோல்வாரில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருக்கும். குழுவுக்கு ஒரு நேர்ச்சை உண்டு: முதல் படியில் தூக்கிய பெட்டி, சன்னதிக்குப் போய்த்தான் தரையைத் தொட வேண்டும். வழியில் இறக்கக்கூடாது. அந்தக் கனத்தை ஒரே ஆள் எவ்வளவு நேரம் தாங்க முடியும்? அதனால் பாட்டின் இரண்டாம் அடி முடிகிற இடத்தில் பெட்டி கைமாறும். மாறுகிறவரைக்கும் சுருதி இருக்காது. சுருதி இல்லாமல் யார் பாடுவது? எல்லாரும் வாயை மூடி நிற்போம். இரண்டு எண்ணிக்கை. பிறகு மூன்றாம் அடி.

ஒரு கழுத்து என்னுடையது. இன்னொன்று கந்தையா அண்ணனுடையது. அவர் ராணுவத்தில் இருந்து வந்தவர். நன்றாக வாசிப்பார். எனக்கு ஒரு கட்டையை அமுக்கிப் பிடிக்க மட்டும் தெரியும். என் முறை வந்தால் பாட்டே கொஞ்சம் ஏழையாகிவிடும். இரண்டாம் அடி முடியும்போது, "ஏலே, பிடி" என்பார். எனக்கு மட்டும்தான் கேட்கும். அவர் வேர்வையில் ஊறிய வார், சூட்டோடு என் கழுத்தில் விழும். திருநீறும் ஈரத்துண்டும் தோலும் கலந்த அந்த மணத்தை என்னவென்று சொல்ல? நல்ல மணம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஒருதரம், குரங்கு ஒன்று யாரோ ஒருவருடைய அர்ச்சனைத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடியதை வேடிக்கை பார்த்துக் கை நீட்டாமல் நின்றுவிட்டேன். பாட்டு பாதியில் நிற்கிறது. அண்ணன் பெட்டியை அந்தரத்தில் ஏந்திக்கொண்டு நிற்கிறார்.

"கொரங்கப் பாக்கவாலே மலைக்கு வந்தே? அந்தக் கொரங்காவது தேங்காயக் கீழ போடாமப் பிடிச்சிருக்கு."

அந்த வருசம் முழுக்க என்னைக் குரங்கோடு சேர்த்துத்தான் பேசினார்கள்.

பிறகு மலைக்கு ரோடு வந்தது. முட்டி தேய்ந்தவர்களுக்கு அது முருகனே போட்டுக் கொடுத்த வழி. நான் குறை சொல்லமாட்டேன், எனக்கும் முட்டி இருக்கிறது. பெட்டி வேனில் சீட்டில் உட்கார்ந்து போனது. ஒரு மழைக்காலத்தில் அதன் துருத்தி இற்றுப்போக, செல்போனில் சுருதி வந்தது. கந்தையா அண்ணனும் போய்ச் சேர்ந்தார். அந்த இரண்டு எண்ணிக்கை மட்டும் போகவில்லை. வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் உட்கார்ந்து பாடினாலும் அங்கே நிற்போம். புதிதாகச் சேர்ந்தவர்கள் அதுதான் மெட்டு என்று நினைத்துக்கொண்டு நின்றார்கள்.

ஐம்பதாம் ஆண்டுக்குப் புதுப்பாட்டு வேண்டும் என்று ஆய்க்குடியில் இருக்கிற பாட்டு டீச்சரைக் கேட்டோம். சின்ன வயது. எழுதி, மெட்டும் போட்டுக்கொண்டு வந்தார். அழகான பாட்டு, ஓடை மாதிரி நிற்காமல் போனது. முதல் ஒத்திகையில் இரண்டாம் அடி முடிந்ததும் மொத்தக் குழுவும் நின்றது.

"ஏன் நிக்கீங்க? அங்கன இடமே இல்லையே" என்றார் டீச்சர்.

நாலு நாளில் மற்றவர்கள் பழகிவிட்டார்கள். நான் மட்டும் நின்றேன். நின்றால் பரவாயில்லை. பிந்தி எடுக்கிற என் தொண்டை எல்லாரையும் இழுத்துக்கொண்டு போனது. கடைசியில் டீச்சர் தயங்கித் தயங்கி, "அண்ணாச்சி, விழா அன்னைக்கு நீங்க ஜால்ரா மட்டும் போடுதீங்களா?" என்றார்.

தலையை ஆட்டிவிட்டு வந்தேன். சோற்றைப் பிசைந்துகொண்டே வீட்டில் சொன்னேன்.

"ஜால்ரா போட்டா முருகன் காதுல விழாதாக்கும்?" என்றாள் வீட்டுக்காரி. "நாப்பது வருசமாக் கத்துனது அவனுக்குப் போதும்."

அவள் சொன்னது சரிதான். ஆனாலும் என்னிடம் கொடுப்பதற்கு வேறு என்ன இருக்கிறது? சாமி விளக்கு முன்னால் உட்கார்ந்து, என் வாயை மட்டும் அடைத்துவிடாதே அப்பா என்று கேட்டேன்.

அடுத்த ஒத்திகைக்கு ஜால்ராவோடு போனேன். பாட்டு ஓடியது. பாதியில் டீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அண்ணாச்சி, அந்த இடம் வந்தா ஜால்ராவ மடியில வச்சிட்டு ரெண்டு கையையும் நீட்டுதீங்களே, எதுக்கு?"

சத்தியமாக எனக்கே தெரியாது. கையைப் பார்த்தேன், நீட்டித்தான் இருந்தது. கூச்சத்தோடு பெட்டி கதையைச் சொன்னேன். டீச்சர் நோட்டில் எதையோ அடித்துத் திருத்தினார்.

மறுநாள் காலையில் செல்போனில் பாட்டு புதிதாக வந்தது, கூடவே அவர் குரலில் ஒரு செய்தி: "ரெண்டு எண்ணிக்கை விட்டிருக்கேன் அண்ணாச்சி. அதுக்குள்ள பெட்டிய மாத்திருவீங்கள்லா? ஜால்ராவ வேற ஆள்ட்ட குடுத்திருங்க."

விழாவை மலைமேலேயே வைத்தோம். எல்லாரும் வேனில் ஏறிப் போய் வரிசையாக நின்று பாடினோம். இரண்டாம் அடி முடிந்தது. குழு நின்றது. முன்பு அந்த இடத்தில் சுருதியும் நின்றுவிடும். மேல்மூச்சு வாங்குவதும், வாரின் கொக்கி உரசுவதும், "ஏலே, பிடி"யும்தான் கேட்கும். இப்போது யாருக்கும் மூச்சு வாங்கவில்லை. செல்போன் சுருதி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. என் கை நீண்டது. கொஞ்சம் குனிந்து கழுத்தையும் கொடுத்தேன். கனம் வரவில்லை.

ஒன்று, இரண்டு என்று எண்ணி மூன்றாம் அடியை எடுத்தேன். பிந்தவில்லை.