இரண்டு கார்டும் ஒரு ரெக்சின் உறையும்

போன மாதம் முழுக்க நான் ஒரு ஆராய்ச்சியாளன். விஷயம், கம்ப்யூட்டரில் படம் ஓட்டும் கிராஃபிக்ஸ் கார்டு. இரண்டு போட்டிக் கம்பெனிகள். பத்திரிகைகளில் வந்த ஒப்பீட்டுப் பட்டியல்களை வெட்டி வைத்து, எது விநாடிக்கு எத்தனை படம் காட்டும் என்று மனப்பாடமே செய்துவிட்டேன்.

எல்லாம் மகள் மதிக்காகத்தான். பி.ஆர்க். கடைசி வருடம். கிளிஞ்சல்மேடு மீனவ கிராமத்துக்கு ஒரு மீன் ஏலக்கூடம் — கம்ப்யூட்டரில் முப்பரிமாணமாக வரைந்து திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். தவறினால் ஒரு வருடம் போச்சு. படத்தைச் சுற்றிக் காட்டச் சொன்னால், கால் மணி நேரத்தில் திரை அப்படியே நின்றுவிடும். பிள்ளை இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

கம்ப்யூட்டர் கடை யாசின் பாய் என் பட்டியலைப் பார்த்துச் சிரித்தார்.

"சார், இது அவங்க ஏசி ரூம்ல வச்ச பந்தயம். உங்க வீட்டுல, பாப்பா செய்யிற வேலையிலதான் பாக்கணும். ரெண்டையும் கொண்டாறேன்."

ஞாயிறு மதியம் வந்தார். முதல் கார்டு பறந்தது. கால் மணி நேரத்தில் நின்றது. இரண்டாவது கொஞ்சம் நிதானம்... அதுவும் கால் மணி நேரத்தில் நின்றது.

"கடையில ரெண்டும் காலையிலேர்ந்து ஓடுச்சே" என்று தாடியைத் தடவினார். மதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வேறு வழியில்லாமல் பழைய கார்டையே மாட்டினார். நான் பொறுப்பாக சிபியு மேல் உறையைப் போட்டேன்.

"சார், என்ன பண்றீங்க?"

"உப்புக்காத்துங்க பாய். துரு ஏறிடும்ல?"

காரைக்காலில் கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு என் கவலை புரியும். வீட்டு கேட்டே மூன்று வருடம் தாங்காது. அதனால் டெய்லரிடம் அளவு கொடுத்துத் தைத்த ரெக்சின் உறை அது. சுவிட்சுக்கு மட்டும் ஒரு ஓட்டை! பாய் ஒவ்வொரு கார்டையும் மாட்டித் திரைப் பக்கம் திரும்பியதும், நான் மூடியிருக்கிறேன்.

"ஓடுற மிஷினுக்கு மூச்சு வேணாமா சார்? சூடேறித்தான் நின்னுடுது. எடுங்க அத."

எடுத்தேன். பழைய கார்டு மெதுவாகத்தான் சுற்றியது. ஆனால் நிற்கவில்லை. ஒரு மணி நேரம்... இரண்டு மணி நேரம்...

"இதுவே போதும் அங்கிள்" என்றாள் மதி.

"அப்புறம் புதுசு எதுக்கும்மா?" இரண்டு டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

யோசித்துப் பாருங்கள். விலை கூடிய கார்டை என் தலையில் கட்டிவிட்டு, உறையைச் சத்தமில்லாமல் கழற்றியிருந்தால் எனக்குத் தெரியவா போகிறது? அந்த மனிதரை நினைத்தால் இப்போதும் மனசு நிறைந்துவிடுகிறது.

மதி திங்கட்கிழமை ப்ராஜெக்டைக் கொடுத்துவிட்டாள். நன்றிப் பக்கத்தில் முதல் பெயர் யாசின் பாய். பேராசிரியர்களே அப்புறம்தான். கடைசி வரியில் நானும் இருந்தேன்:

'அப்பாவுக்கு — உறையைத் திரும்பப் போடாமல் இருந்ததற்கு.'