காசிராஜன் வெட்டிய ஒன்றரை மணி நேரம்

துபாய் – திருவனந்தபுரம், ஆகாய வழி: 2,950 கி.மீ.
12-9-1986, புறப்பாடு: இரவு 12.30
பயணம்: 4 மணி நேரம்
12-9-1986, காதுகுத்துச் செலவு: ரூ. 3,846
அக்டோபர் 1986 முதல் மார்ச் 1990 வரை, துபாயிலிருந்து கடிதம்: இல்லை

காசிராஜன் ராஜபாளையத்து மில் ஒன்றில் டைம் ஆபீஸ் கிளார்க். செய்யாத வேலைக்கு யாராவது ஓவர்டைம் எழுதினால் சிவப்பு மையால் வெட்டுவார். அவர் மனைவி வெள்ளத்தாயின் ஒரே தம்பி சமுத்திரம் துபாயில் வெல்டர். அக்காள் மகனைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். அதற்காக லீவு போட்டு வருவதாக எழுதியிருந்தான். இரவு பன்னிரண்டரைக்கு விமானம், காலை ஆறு மணிக்குத் திருவனந்தபுரம் என்று டிக்கெட்டைப் பார்த்தே குறித்திருந்தான்.

காசிராஜன் அட்லஸில் நூல் பிடித்துத் தூரம் அளந்தார். மணிக்கு 750 கிலோமீட்டர் என்று வகுத்தார். நாலு மணி நேரம்தான் வந்தது.

“நாலு மணி நேர வேலைக்கு அஞ்சரை மணி காட்டியிருக்கான். பைலட்டும் மனுசன்தானே,” என்று ஒன்றரை மணி நேரத்தை வெட்டினார்.

நாலரைக்கு இறக்கம், கஸ்டம்ஸுக்கு ஒரு மணி, டாக்சிக்கு நாலு மணி. ஒன்பதரைக்குச் சமுத்திரம் செட்டியார்பட்டிக் குலசாமி கோவிலில் நிற்பான். வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம்.

“மத்தியானத்துக்கு மேல வச்சா என்ன?” என்றாள் வெள்ளத்தாய்.

“ஒரு மணி நேரம் மிச்சமே கெடக்கு, போடி.”

துபாயில் பன்னிரண்டரை அடிக்கும்போது நம்மூரில் மணி இரண்டு என்பது அந்தக் கணக்கில் வரவில்லை.

பத்தேகாலுக்குக் காது குத்த வந்திருந்த ஆசாரி எழுந்துவிட்டார். “அண்ணாச்சி, ராவுகாலத்துல நான் ஊசியத் தொட மாட்டேன். மாமன்னு எவனாவது இருந்தா உக்காரச் சொல்லுங்க.”

பந்திக்கு முதல் ஆளாக வந்திருந்த ஒன்றுவிட்ட மாமன் பொன்னுராஜ் உட்கார்ந்தான். பதினொரு மணிக்கு டாக்சி வந்தது. மாலையும் தங்கத் தோடுமாகச் சமுத்திரம் இறங்கியபோது, பிள்ளை பொன்னுராஜின் மடியில் அழுது ஓய்ந்திருந்தது.

“ஆறு மணின்னு எழுதியிருந்தேனே அத்தான்?”

“அதத்தான் திருத்தினேன் மாப்பிள.”

தோட்டை அக்காள் கையில் வைத்துவிட்டு, பந்தியில் கை நனைக்காமலே திரும்பிப் போனான் சமுத்திரம்.

அதன்பின் காசிராஜன் வருடத்துக்கொரு கடிதம் போட்டார். பூமி எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது, சூரியன் எந்த ஊரில் முதலில் உதிக்கிறது என்றெல்லாம் படத்தோடு விளக்கினார். பதில் இல்லை. மூத்தவனுக்குப் பின் பிறந்த பெண் குழந்தைக்கு ஒரு வயது ஆனது; அதன் காது அப்படியே இருந்தது. அடுத்த கடிதத்துக்கு அவர் படம் வரைந்துகொண்டிருந்தபோது வெள்ளத்தாய் எட்டிப் பார்த்தாள்.

“இன்னும் எம்புட்டு நாளைக்குச் சூரியன் மேல பழியப் போடுவீங்க? தப்பு எம்மேலன்னு ஒரு வரி எழுதுனா கை வலிக்குமோ?”

காசிராஜன் படத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, அந்த ஒரு வரியை மட்டும் எழுதினார்.

“மகளுக்கு நாள் பாருங்க அத்தான். நான் ஒரு வாரம் முந்தியே வந்து கெடக்கேன்,” என்று பதில் வந்தது. வீட்டுக்குச் சீக்கிரமே போன் வந்துவிட்டதால், துபாயிலிருந்து வந்த கடைசிக் கடிதம் அதுதான். வந்து சேர்ந்த நாள் 17-4-1990.