பச்சைத்தண்ணிச் சின்னையா

சென்ற வெள்ளிக்கிழமை காலை, சிங்கப்பூர் சிராங்கூன் சாலைக் கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். பூக்கடைக்காரர் வந்து, "பால்காரச் சின்னையா அண்ணன் போய்ட்டாரு லா. தூக்கத்துலயே," என்றார். மனம் கனத்தது. ஆனால் அவரை நினைத்ததும் சிரிப்பும் வந்துவிட்டது. அவரோடு பழகியவர்கள் என்னைத் தவறாக நினைக்க மாட்டார்கள். மற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஐம்பதுகளில் நான் சுகாதார இன்ஸ்பெக்டர். பொத்தோங் பாசிர் கம்பத்தில், அதாவது அந்தக் கிராமத்தில், பிள்ளைகளுக்கு அடுத்தடுத்து வயிற்றுப்போக்கு. கிணறுகளைப் பார்க்கப் போனேன். பல வீடுகள் சின்னையா அவர்களின் கிணற்றில்தான் தண்ணீர் எடுத்தன. அதன் மேட்டுப்பக்கத்தில் அவருடைய மாட்டுக்கொட்டகை. சாணக் கழிவு மண்கால்வாயில் ஓடியது. கிணற்றுச் சுவரிலோ விரிசல்.

சந்தேகத்தைச் சொன்னதும் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"என் தண்ணியவா குறை சொல்றீங்க? இதுல கழுவுன பாத்திரத்துலதான் ஊருக்கே பால் ஊத்துறேன்!"

"அதனாலதாண்ணே பயமா இருக்கு."

அவர் கண்ணெதிரே கால்வாயில் பச்சைச் சாயத்தைக் கரைத்து ஊற்றினேன். கிணற்றில் பச்சை தெரிந்தால் கொட்டகைக் கழிவு உள்ளே இறங்குகிறது என்று பொருள். மறுநாள் வந்து பார்ப்பேன், அதுவரை யாரும் குடிக்கக் கூடாது என்றேன்.

"தெரியலன்னா, ஒரு செம்பு தண்ணிய நீங்க என் முன்னாடி குடிக்கணும்!" என்றார்.

மறுநாள் நான் போவதற்குள் தண்ணீரை இறைத்துக் கொட்டி மறைத்திருக்கலாம். பிழைப்பு அல்லவா? அவரோ வாளி நிறையப் பச்சைத் தண்ணீரை வைத்துக்கொண்டு கிணற்றடியில் காவலிருந்தார். குடத்தோடு வந்தவர்களிடமெல்லாம், "ஜாங்கான் மீனோம்! குடிக்காதீங்க!" என்று மலாயிலும் தமிழிலும் கத்திக்கொண்டிருந்தார்.

"வியாபாரம் போயிடுமேண்ணே?"

"போனா போவட்டும். பிள்ளைங்க குடிக்கிற தண்ணி லா இது."

வாடிக்கையாளர் சிலர் போகத்தான் செய்தார்கள். அவர் அசரவில்லை. சாலையோரக் குழாயிலிருந்து சைக்கிளில் பால் டின்களில் தண்ணீர் கொண்டுவந்து அண்டை வீடுகளுக்கு ஊற்றினார். கழிவுநீரைத் தாழ்வான பக்கம் திருப்பினார். பக்கத்துச் சீனத் தோட்டக்காரர்கள் விரிசலுக்குச் சிமெண்டு பூசி, சுவரை உயர்த்தி, மூடி போட்டுக் கொடுத்தார்கள். நாங்கள் குளோரின் இட்டுச் சோதித்தோம். தண்ணீர் தேறியது. பிள்ளைகளும் தேறினார்கள், வாடிக்கையும் மெல்லத் திரும்பியது.

"பந்தயத்துல நான்தான் தோத்தேன். ஆனாலும் நீங்க குடிங்க," என்று செம்பை நீட்டினார். குடித்தேன்.

அதன்பின் கம்பத்துக்கு அவரே இன்ஸ்பெக்டர்! கிணற்றுக்கு மேட்டில் எவராவது கக்கூஸுக்குக் குழி தோண்டினால் போதும், வந்து நின்றுவிடுவார். என்னைக் காணும்போதெல்லாம், "அந்தப் பச்சைப் பொடி கொஞ்சம் குடுங்களேன்," என்பார். 'பச்சைத்தண்ணி' என்ற பட்டம் அப்படி வந்ததுதான்.

அறுபதுகளில் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபெயர்ந்தார். பார்க்கப் போயிருந்தேன். வீட்டுக் குழாயைத் திறந்து மூடியவர், "வர்றதுக்கு முன்னாடி இந்தத் தண்ணி எங்க கிடக்கு?" என்று கேட்டார். மொட்டைமாடித் தொட்டியில் என்றேன். அவ்வளவுதான். காவலாளியை நச்சரித்து, அவரையும் இழுத்துக்கொண்டு மேலே ஏறிவிட்டார்.

கீழே நானும் அக்கம்பக்கத்தாரும் அண்ணாந்து நின்றோம். வானத்தின் விளிம்பில் அவர் தலை தெரிந்தது. துண்டை வீசிக் காட்டி, அந்த அடுக்குமாடி புளோக்கே கேட்கும்படி கத்தினார்:

"மூடி நல்லா இருக்கு! எல்லாரும் குடிங்க!"

சென்று வாருங்கள், அண்ணே. குடித்துக்கொண்டிருக்கிறோம்.