நல்லா வாழ்ந்த ஊட்டு மரம்

ராசிபுரத்திலிருந்து ஆத்தூர் போகிற ரோட்டில், நாமகிரிப்பேட்டை வருவதற்குக் கொஞ்சம் முன்னால், வீடே இல்லாமல் வெறும் கதவுகள் வரிசையாக நிற்கும். புதிதாகப் பஸ்ஸில் போகிறவர்கள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்ப்பார்கள். பழகியவர்களுக்கு அது மாரக்காள் கடை. 'பழைய கட்டட சாமான்கள் கிடைக்கும்' என்று தகரத்தில் ஒரு போர்டு தொங்கும். அந்த போர்டும் பழசுதான். எங்கோ மூடிப்போன மருந்துக் கடையின் போர்டைத் திருப்பிப் போட்டு எழுதியது. பலமாகக் காற்றடித்தால் திரும்பிக்கொள்ளும். அன்றைக்குக் கட்டாயம் யாராவது ஒருத்தர் வண்டியை நிறுத்தித் தலைவலி மாத்திரை கேட்பார்.

புருஷன் வெங்கடாசலம் வீடுகளை இடிப்பார். இடித்ததை மாரக்காள் விற்பாள். இடிப்பது என்று சொன்னால் வெங்கடாசலத்துக்குக் கோபம் வரும். "மிசினு வெச்சுத் தள்ளுறவன் இடிக்கிறவன். நானு கழட்டறவன்" என்பார். உண்மைதான். மிசின்காரன் ஒரு வீட்டை அரை நாளில் குப்பையாக்கி, இருட்டின பிறகு ஏதாவது ஓர் ஏரியில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான். வெங்கடாசலம் ஓட்டிலிருந்து ஆரம்பித்து, கைமரம், விட்டம், ஜன்னல், கதவு, கடைசியாகச் செங்கல் என்று ஒவ்வொன்றாக இறக்குவார். ஓடு ஆட்டுக் கொட்டாய்க்குப் போகும். செங்கல் யாருடைய குளியலறைக்கோ போகும். உடைந்த சில்லெல்லாம் புது வீடுகளின் தரைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். துருப்பிடித்த ஆணிகூட எடைக்குப் போய்விடும். விற்க முடியாமல் மிஞ்சுவது தூசி ஒன்றுதான். அதை அவர் தலையிலேயே சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார்.

இந்த யாவாரத்தில் ஒரு விசேஷம் உண்டு. கதவோ மரமோ வாங்க வருகிறவர்கள் எடுத்ததும் விலை கேட்க மாட்டார்கள். மரத்தைத் தட்டிப் பார்ப்பார்கள், தடவிப் பார்ப்பார்கள், அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏனுங்க, இது நல்லா வாழ்ந்த ஊட்டு மரமுங்களா?" என்பார்கள். கடன்பட்டு அழிந்த வீட்டின் கதவை வாங்கி மாட்டினால் கடனும் கூடவே வந்துவிடும் என்று பயம்.

மாரக்காள் அசர மாட்டாள். "நல்லாங்களா? மூணு பசங்க. மூணு பேரும் டாக்டரு. இந்தக் கதவு வழியாத்தான் போனாங்க." சொல்லிவிட்டு முந்தானையால் கதவை ஒரு துடை துடைப்பாள். அவ்வளவுதான், கதவு வண்டியில் ஏறிவிடும். அவள் சொன்னதெல்லாம் நிஜமாயிருந்தால், ராசிபுரம் தாலுகாவில் வைத்தியம் பார்க்க ஆள் இருந்திருக்குமே தவிர வைத்தியம் பார்த்துக்கொள்ள ஆள் இருந்திருக்காது.

வெங்கடாசலத்துக்கோ ஒரு வியாதி. பொய் வராது. ஒரு தடவை மாரக்காள் டீ குடிக்கப் போன நேரமாகப் பார்த்து வாழப்பாடியிலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்துவிட்டார். நாமகிரிப்பேட்டையில் கழட்டிய தேக்கு விட்டம் ஒன்று கிடந்தது. நடுவில் தொட்டில் கட்டுகிற இரும்பு வளையத்தோடு, பார்க்க அம்சமாக இருக்கும். வந்தவர் அதைத் தட்டினார், தடவினார், கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"எங்கீங்க?" என்றார் வெங்கடாசலம். "அண்ணந் தம்பி ரெண்டு பேரும் அருவாளத் தூக்கிட்டாங்க. கேசு நடந்து, ஊடு பூட்டியே கெடந்துச்சு. கரையானே வெறுத்துப் போயி வெளிய வந்துருச்சுங்க."

மாரக்காள் டீ குடித்துவிட்டுத் திரும்பும்போது வாழப்பாடிக்காரரின் கார் தூசி கிளப்பிக்கொண்டு போனது. அன்றைக்கு அவளுக்கு வந்த கோபத்தைப் புருஷன் மேல் காட்ட முடியாமல் அந்த விட்டத்தின் மேல் காட்டினாள். தொட்டில் வளையத்தைக் கடப்பாரையால் நெம்பிப் பிடுங்கி எடைக்குப் போட்டாள். பிடுங்கினதில் ஓட்டையின் ஓரம் ஒரு சில்லு பெயர்ந்துகொண்டது. அந்த விட்டம் மழையிலும் வெயிலிலும் கிடந்து, கடைசியில் சேலத்து மர வியாபாரி ஒருத்தர் லாரியோடு வந்தபோது மற்ற மரங்களோடு சேர்ந்து போனது. அன்றிலிருந்து கடையில் ஒரு சட்டம். ஆள் வந்தால் வெங்கடாசலம் பின்பக்கம் போய்விட வேண்டும். "நீங்க போயி ஓடு எண்ணுங்க" என்பாள். அவரும் போய் எண்ணுவார். எண்ணின ஓடுகளையே எண்ணுவார்.

கடைக்கு அடிக்கடி வருகிறவள் அபிநயா. சேலத்தில் வீடு கட்டித் தருகிற இன்ஜினியர் பெண். பழைய கதவு, பழைய செங்கல் என்றால் உயிரை விடுவாள். ஒரு புதுச் செங்கல் சுட எத்தனை மண், எத்தனை விறகு, ஒரு மூட்டை சிமெண்டுக்கு எத்தனை புகை என்று மூச்சு விடாமல் சொல்லுவாள். "இருக்கறத எடுத்துக் கட்டுனா பூமிக்கு அவ்வளவும் மிச்சம்க்கா. பூமி உங்க பேருல வரவு வெச்சிருக்கும்" என்பாள்.

"வெச்சுட்டுப் போவுட்டும் கண்ணு. இந்த ஜன்னலுக்கு நீ என்ன வெக்கறே, அதச் சொல்லு" என்பாள் மாரக்காள்.

அந்த அபிநயாவிடம்தான் ஒருநாள் மாரக்காள் தன் வீட்டைக் கட்டித் தரச் சொன்னாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து கடைக்குப் பின்னால் தகரக் கொட்டாய்தான் அவர்களுக்கு வீடு. மகளைப் பெற்று வளர்த்துக் கட்டிக்கொடுத்ததும் அங்கிருந்துதான். ஜன்னல் ஒரு கூட்டுறவுச் சங்கத்தினுடையது. கதவு ஒரு பள்ளிக்கூடத்தினுடையது. அதன் நெற்றியில் 'தலைமை ஆசிரியர்' என்று வெள்ளை எழுத்து இன்னும் அழியவில்லை. உள்ளே வருவதற்கு முன் வெங்கடாசலம் கதவைத் தட்டி, "உள்ள வரலாமுங்களா?" என்று கேட்பார். கல்யாணமான புதிதில் அவள் அதற்கு விழுந்து விழுந்து சிரித்தாள். இப்போதும் கேட்கிறார். மரியாதைக்குச் சிரித்து வைக்கிறாள்.

அபிநயா குதூகலமாகிவிட்டாள். கடையைச் சுற்றி நடந்து, அந்தக் கதவு, இந்தத் தூண் என்று கைகாட்ட ஆரம்பித்தாள்.

"அதெல்லாம் வேண்டாங் கண்ணு. எல்லாம் புதுசு. ஒரு பழைய ஆணி இருக்கக் கூடாது."

அபிநயாவின் கை அப்படியே நின்றது. "என்னக்கா நீங்களே இப்படிச் சொன்னா எப்படி?"

"நீ புதுசுலயே பொறந்து வளந்தவ. உனக்குப் பழசு அழகா இருக்குது. நானு கட்டுனது எங்கக்கா கட்டிக் கழிச்ச பாவாட. படிச்சது எவனோ கிறுக்குன பொஸ்தகம். தாலியே எங்க மாமியாளுதுதான், அழிச்சுப் பண்ணுனது. ஊரு ஊட்டுக் கதவையெல்லாம் தொறந்து மூடியாச்சு. இன்னொருத்தரு கை படாத கதவ ஒரே ஒருக்கா நானு தொறக்கோணும், அவ்வளவுதான்."

அவள் அதைச் சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை. அத்தனை நாளாக மனசில் கிடந்தது அது. அபிநயா பூமியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "சரிக்கா, எல்லாம் புதுசுதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆனால் மாரக்காளுக்குள் இருந்த யாவாரி சும்மா இருப்பாளா? அஸ்திவாரத்துக்குக் கல் லோடு சொல்லப் போனபோது, கடை ஓரத்தில் பழைய கல் குவிந்து கிடந்தது கண்ணில் பட்டது. "மண்ணுக்குள்ள போறதுதானே" என்றாள். அடுத்து, தரை நிரப்ப மண் வேண்டும் என்றார்கள். காசு கொடுத்து மண் வாங்குவதா என்று அவளுக்கு வயிறு எரிந்தது. சில்லையும் காரையையும் அள்ளிக் கொட்டச் சொன்னாள். "மிதிபடறதுதானே." செங்கல் வந்தபோது, "பூச்சுக்குள்ள மறைஞ்சுரும்." பின்பக்க ஜன்னலுக்கு, "பின்னாடிதானே, எவ பாக்கறா?" அபிநயா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். அவள் சிரிப்பை அடக்குகிறாள் என்று வெங்கடாசலத்துக்குத் தெரிந்தது. அவர் ஓடு எண்ணப் போய்விட்டார்.

இப்படியே கரைந்து கரைந்து கடைசியில் ஒன்றுதான் மிஞ்சியது. தலைவாசல். அதில் மட்டும் மாரக்காள் இம்மியும் இறங்கவில்லை. அவளே பஸ் ஏறிச் சேலம் போனாள். கண்ணாடி போட்ட, ஏசி ஓடுகிற ஒரு பெரிய கடையில் வாசக்காலையும் கதவையும் பார்த்தாள். தேன் நிறத்தில் பளபளவென்று இருந்தது. முகர்ந்து பார்த்தாள். பாலீஷ் வாசனை ஜம்மென்று வந்தது. ஆயிரம் வாசக்காலை விற்றவள், விலையைக்கூடச் சரியாகப் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்தாள். ஆசை கண்ணை மறைத்தால் யாவாரியும் வாடிக்கையாளர்தான்.

வாசக்கால் வைக்கிற நாள் வந்தது. விடிகாலையில் முகூர்த்தம். மஞ்சள், குங்குமம், மாவிலை, நவதானியம் எல்லாம் தயார். நாத்தனார் பெருமாயி பட்டுச்சீலை சரசரக்க வந்து முன்னால் நின்றாள். அபிநயாவும் சேலத்திலிருந்து கிளம்பி வந்துவிட்டாள். தச்சர் அன்பழகன், சுவரோடு பிடிக்கிற இரும்புப் பட்டையை வாசக்காலின் பக்கவாட்டில் வைத்துச் சுத்தியலால் இரண்டு போடு போட்டார்.

டொக்கென்று ஒரு மரக்கட்டை தெறித்துக் கீழே விழுந்தது. அது இருந்த இடத்தில் விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை.

"அக்கா, இது அடைச்ச ஓட்டைங்க" என்றார் அன்பழகன். மரத்தூளும் பசையும் விரலில் ஒட்டியிருந்ததைக் காட்டினார். "பழைய மரத்த அறுத்து இழைச்சு பாலீஷ் போட்டிருக்கறாங்க."

"அந்தக் கடைக்காரன்…" என்று ஆரம்பித்தாள் மாரக்காள். அப்புறம் அவள் சொன்னதை முகூர்த்த வேளையில் எழுதக் கூடாது. "என்ற கிட்டயே பழசப் புதுசுன்னு வித்துப்போட்டானே! ஆட்டோவக் கூப்புடுங்க. இப்பவே சேலம் போறேன்!"

பெருமாயி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "நேரம் போவுதே. எந்த ஊட்டு மரமோ, என்னமோ."

ஆத்திரத்தோடு ஓட்டையைப் பார்க்கக் குனிந்த மாரக்காள், குனிந்தபடியே இருந்துவிட்டாள். ஓட்டையின் ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. உள்ளே இரும்புத் துரு கறுப்பாக ஊறியிருந்தது. கடப்பாரையின் நெம்பல் அது. அவள் கையின் நெம்பல். தொட்டில் வளையம் இருந்த அதே நாமகிரிப்பேட்டை விட்டம். அவள் தூக்கிப் போட்டது சேலம் போய், குளித்து, பவுடர் போட்டுக்கொண்டு, அவளிடமே பஸ் செலவும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்திருந்தது.

நிமிர்ந்து வெங்கடாசலத்தைப் பார்த்தாள். அவரும் ஓட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கழட்டின மரம். இருட்டில் தடவினால்கூட எந்த வீட்டுது என்று சொல்லிவிடுவார்.

எல்லோரும் காத்திருந்தார்கள். மாரக்காளுக்கு என்ன தோன்றியதோ, தன்னிடம் ஊரே கேட்கிற கேள்வியைக் கேட்டாள். குரல்கூட அவர்களைப் போலவே தாழ்ந்துவிட்டது.

"ஏனுங்க, இது நல்லா வாழ்ந்த ஊட்டு மரமுங்களா?"

வெங்கடாசலம் காதைச் சொறிந்தார். பெருமாயியைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். எண்ணுவதற்கு ஓடு ஒன்றும் பக்கத்தில் இல்லை.

"நல்லாவா?" என்றார். "மூணு பசங்க மாரா. மூணு பேரும்…" இங்கே கொஞ்சம் திணறினார். "மூணு பேரும் டாக்டரு."

சொல்லி முடித்ததும் நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது அவருக்கு. கல்யாணம் ஆகி இத்தனை காலத்தில் அவர் சொன்ன முதல் பொய். அதுவும் அவளுடைய பொய்யையே இரவல் வாங்கி, முந்தானையால் துடைக்காமல், அப்படியே மொட்டையாகச் சொன்ன பொய்.

மாரக்காளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. இத்தனை வருஷம் தன் பேச்சைக் கேட்டு ஜனங்கள் ஏமாந்து போகிறார்கள் என்று நினைத்திருந்தாள். ஒருத்தரும் ஏமாறவில்லை என்று அந்த நிமிஷம்தான் அவளுக்குப் புரிந்தது. யாராவது ஒருத்தர் அப்படிச் சொன்னால் போதும் அவர்களுக்கு. அவளுக்கும் இப்போது போதுமாக இருந்தது.

"அப்பறம் என்ன, தூக்குங்க" என்றாள். "விட்டமாத்தான இருந்துச்சு. கதவுன்னு இத எவளும் தொறந்ததில்லையே. வாசலா இது இப்பத்தான மொதமொதல்ல நிக்கப் போவுது."

"ஓட்டைய அடைச்சரட்டுங்களா அக்கா?" என்றார் அன்பழகன்.

"கெடக்கட்டும். பேரன் பேத்தி பொறந்தா வளையம் மாட்டி ஏதாச்சும் கட்டலாம்."

வாசக்கால் எழுந்து நின்றது. மாரக்காள் ஓட்டையைச் சுற்றித் தாராளமாக மஞ்சள் பூசினாள். அபிநயா முகத்தைத் திருப்பிக்கொண்டு செல்போனில் என்னவோ தேடினாள். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் கடைக்கு ஜேடர்பாளையத்திலிருந்து ஒருத்தர் வந்தார். நல்ல இரட்டைக் கதவு ஒன்றைப் பிடித்துப் போய்விட்டது அவருக்கு. தட்டினார், தடவினார், "நல்லா வாழ்ந்த ஊடுங்களா?" என்றார். வெங்கடாசலம் வழக்கம்போலப் பின்பக்கம் கிளம்பினார்.

"நில்லுங்க" என்றாள் மாரக்காள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. "அவரையே கேளுங்க. கழட்டுனவரு அவருதான்."

வெங்கடாசலம் கதவை நன்றாகப் பார்த்தார்.

"எங்கீங்க?" என்றார். "மாமியாளும் மருமகளும் ஒரே அடிதடி. ஒரு கதவ இவ சாத்துனா இன்னொன்ன அவ சாத்துவா. அதனாலதான் கீலு இத்தன தேஞ்சு கெடக்குது."

ஜேடர்பாளையத்துக்காரர் கையை எடுத்துக்கொண்டு, அப்புறம் வருகிறேன் என்று போயே போய்விட்டார். மாரக்காள் வாயைத் திறந்தாள், கத்தத்தான் திறந்தாள். அதற்குள் அவளுக்கு விளங்கிவிட்டது. மனுஷன் திருந்தவில்லை. அவரிடம் ஒரே ஒரு பொய்தான் இருந்திருக்கிறது, அதை அவளுக்கென்று வைத்திருந்து கொடுத்துவிட்டார்.

"போயி ஓடு எண்ணுங்க" என்றாள். ஆனால் டீ வாங்கிக்கொண்டு அவளும் பின்னாலேயே போனாள்.