டப்பாச் சத்தம்

பக்கத்து வீட்டுப் பெண் பூனையைக் கூப்பிட டப்பாவைத் தட்டுகிறாள். எழுந்து சன்னலைச் சாத்தினேன்.

நான் சிறுமியாக இருந்தபோது ஏற்காட்டு மீன் பண்ணையில் அப்பாவுக்கு வேலை. அம்மா நாகலூர் எஸ்டேட்டுக்குப் போனால் இருட்டித்தான் வருவாள். பள்ளி விட்டதும் தொட்டியோரம் உட்கார்ந்து புண்ணாக்கு டப்பாவைத் தட்டுவேன். ஒரு கண் வெளுத்த கெண்டைதான் முதலில் வந்து என் விரலை முட்டும். அந்தக் குளிரில் எனக்கு வேறு கூட்டாளி கிடையாது.

எண்பதுகளில் பண்ணையைப் புதுப்பித்தார்கள். பாசி பிடித்த கல் தொட்டிகளை இடித்து, மோட்டார் வைத்த சிமெண்ட் தொட்டிகள் கட்டினார்கள். அவை குஞ்சு பொரிக்க மட்டும்தான். தூண்டில் போட வரும் சுற்றுலாக்காரர்களுக்காகப் பெரிய மீன்களை, என் கெண்டையையும் சேர்த்து, ஏரியில் விட்டார்கள்.

“ஏனுங்கப்பா, அது என்னைய மறந்துருமுங்களா?”

“மறந்தாத்தான் கண்ணு அதுக்கு நல்லது. ஆளைக் கண்டா ஓடிப் பொழைக்கோணும்” என்றார் அப்பா.

எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாளே ஏரிக்கரைக்குப் போய் டப்பாவைத் தட்டினேன். தண்ணீருக்குள் அந்த வெள்ளைக் கண் தெரிந்தது. பக்கத்தில் தூண்டிலோடு நின்றவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“இன்னொரு தடவை தட்டு பாப்பா.”

பெருமையோடு தட்டினேன். அவர் தூண்டில் வளைந்தது.

வெளியே சத்தம் நின்றுவிட்டது. பூனை வந்திருக்கும்.