ரோசியின் குடம்

இன்று காலை விவேக் நகர் வீட்டில் குழாயைத் திறந்ததும் பிளீச்சிங் பவுடர் வாடை அடித்தது. ஒக்கலிபுரத்தில் நாங்கள் குடியிருந்த, இப்போது இடிக்கப்பட்டுவிட்ட லைன் வீடுகள் நினைவுக்கு வந்தன. அங்கே சாக்கடையை ஒட்டி நின்ற ஒரே குழாயில், குடங்கள் உரசும் சத்தத்தோடு, எல்லா வீட்டுப் பெண்களும் தண்ணீர் பிடிப்பார்கள். ஒரு மழைக்காலத்தில் அது கலங்கி, நாற்றத்தோடு வந்தது. அதைக் குடித்த பக்கத்து வீட்டு மேரியக்காவின் மகள் ரோசி, என்னோடு பாண்டி ஆடியவள், வாந்தியும் பேதியுமாகக் கிடந்து இறந்துபோனாள். அதற்குப் பிறகுதான் மாநகராட்சி ஆட்கள் வந்து, அந்தக் குழாய்க்குத் தண்ணீர் வரும் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கொட்டினார்கள்.

“இத மொதல்லயே போட்டிருந்தா எங்கொழந்த இருந்திருப்பாளேம்மா,” என்று மேரியக்கா என் அம்மாவிடம் அழுதாள்.

மறுநாள் வரிசையில் தன் குடத்துக்குப் பின்னால் ரோசியின் சின்னக் குடத்தையும் வைத்தாள். அதன் முறை வந்தபோது அம்மாதான் அதை நிரப்பிக் கொடுத்தாள்.