பிள்ளை தனியாப் போவுது, பாத்துக்குங்க!

டிக்கெட் போடுவதுதான் பஸ் கண்டக்டர் வேலை என்று நம்பிக் காக்கிச் சட்டை மாட்டிய அப்பாவிகளில் நானும் ஒருவன். அறுபதுகளின் தொடக்கத்தில் என்னோடு ராகலை - நுவரெலியா ரோட்டில் ஓடிய சகாக்களே, உங்களுக்கும் இந்தத் தலைவலி தெரியும். தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு பிள்ளை பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் புறப்பட்டால், தகப்பன் ரோட்டில் நின்று பஸ்ஸுக்கே கேட்கும்படி நம்மிடம் ஒப்படைப்பார். நாலு பேர் காதில் விழுந்தால்தான் நமக்குப் பொறுப்பு உறைக்குமாம்.

அடியில் புது சூட்டு

தோட்டப் பள்ளி மாஸ்டரின் மகன் முதல் தடவை புறப்பட்டான். "தகரப் பெட்டி கூரையில இருக்கு தம்பி! அடியில புது கோட்டு சூட்டு, சால்வைக்குள்ள கைக்கடிகாரம்! பத்திரம்!" என்று மாஸ்டர் கத்தினார்.

வழியில் கந்தப்பளையில் நான் உள்ளே டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தேன். பையன் நல்ல தூக்கம். சாமான் இறக்குகிற ஆளிடம் ஒருவன் அந்தப் பெட்டியைக் கேட்டிருக்கிறான். இவன் சந்தேகப்பட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று விசாரிக்க, அவன் சூட்டு, சால்வை, கடிகாரம் என்று பிசகாமல் ஒப்பித்து வாங்கிப் போய்விட்டான். மறுநாள் மாஸ்டர் என் சட்டையைப் பிடிக்காத குறை. கடைசியில் தலையில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "பெட்டிக்குள்ள இருந்தது அந்தக் களவாணிப்பயலுக்கு எப்படிப்பா தெரிஞ்சிச்சு?"

மார்க்கெட்டுக்குப் பின்னால்

அதோடு வாயைக் கட்டுவார்கள் என்று நினைத்தேன். எங்கே! கணக்கப்பிள்ளை ஐயாவின் மகள் மகேஸ்வரி, அந்தத் தோட்டத்திலிருந்து பேராதனை போன முதல் பெண். படிப்பு முடிய ஒரே வருடம்தான் பாக்கி. "மகேஸ்வரி தனியாப் போவுது தம்பி! நுவரெலியாவில யாரும் வரமாட்டாங்க, கண்டி பஸ்ஸில ஏத்தி விட்டுருங்க!" என்றார் ஐயா. மெதுவாகச் சொல்லுங்கள் என்றதற்கு, "நாங்க என்ன களவா பண்றோம்?" என்று என்னையே முறைத்தார்.

நுவரெலியாவில் மூட்டைகளை இறக்கிவிட்டுத் திரும்பினால் பிள்ளையைக் காணோம். பின்சீட்டில் வந்த ஒருவன் அவள் பையைத் தூக்கிக்கொண்டு, மார்க்கெட்டுக்குப் பின்னால் ஆளில்லாத பக்கம் அவளைக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தான். கத்திக்கொண்டு ஓடினேன். அவன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். அவள் உதறியதும் பையைப் போட்டுவிட்டு ஓடிவிட்டான். முன்பின் தெரியாதவன் பின்னால் ஏன் போனாய் என்று அதட்டினேன். சொன்னாள்: "என் பேரு, கண்டி பஸ், எல்லாம் சரியாச் சொன்னான் அண்ணே. நீங்க அனுப்பின ஆளுன்னு நெனச்சேன்."

பேரு கெட்டுப் போகும்

அன்று அவள் கண்டிக்குப் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை. பொலிசுக்குப் போவோம், நானே சாட்சி என்றேன். "பொம்பளப் புள்ள பேரு ஊரெல்லாம் அடிபடக் கூடாது" என்றுவிட்டார் ஐயா. பஸ் முழுக்க அந்தப் பேரைக் கூவியவர் அவர்தான். ஆனால் சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது.

சில மாதம் கழித்து, தம்பியை ஏற்றிவிட ரோட்டுக்கு வந்தவள் ஜன்னல் பக்கம் வந்து, அந்த ஆள் இப்போதும் வருகிறானா என்று கேட்டாள். வருகிறான் என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. பின்சீட்டைப் பார்த்தாள். "அவன் பாட்டுக்குப் போறான் வாறான், நான்தான் வீட்டுல இருக்கேன், இல்லியா அண்ணே?"

எத்தனையோ பேரைப் பத்திரம் பத்திரம் என்று நம் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். சேதாரமில்லாமல் போய்ச் சேர்ந்தது அவர்கள் போட்ட சத்தம் மட்டும்தான்.